ஓகீஃப்: 1971 கட்டுரையா, 1978 புத்தகமா?

நாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்லும், மூளைக்குள் இருக்கும் 'வரைபடம்' பற்றிப் படிக்க வருபவர்கள் பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மூளை ஆய்வாளர் ஜான் ஓகீஃபுக்கு இதற்காக 2014-ல் மோசர் தம்பதியுடன் நோபல் பரிசு கிடைத்தது. இதைப் பற்றி அவர் எழுதிய 1971 கட்டுரை, 1978 புத்தகம், இந்த இரண்டில் எதை முதலில் எடுப்பது?

நீளம்: கட்டுரை, டாஸ்ட்ரோவ்ஸ்கியுடன் எழுதியது, வெறும் ஐந்து பக்கம். லின் நாடெலுடன் எழுதிய புத்தகமோ ஐந்நூறு பக்கத்தைத் தாண்டும்.

செலவு: புத்தகத்தை ஆசிரியர்களே இணையத்தில் இலவசமாகத் தந்துவிட்டார்கள். கட்டுரைக்குக் கல்லூரி நூலகச் சந்தா இருந்தால் நல்லது.

எளிமை: கட்டுரைதான். எலி மேடையில் ஒரு குறிப்பிட்ட மூலையில், ஒரு குறிப்பிட்ட திசை பார்த்து நின்றால் மட்டும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் செல் படபடவென்று மின்துடிப்பு அனுப்புகிறது, நகர்ந்தால் அடங்கிவிடுகிறது. பதிவான 76 செல்களில் அப்படி இருந்தவை எட்டே எட்டு! அதை வைத்துக்கொண்டு, ஹிப்போகாம்பஸ்தான் மூளையின் வரைபடம் என்று இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். புத்தகம் நியூட்டன், லைப்னிட்ஸ், கான்ட் என்று தத்துவத்தில் தொடங்குகிறது. பொறுமை வேண்டும்.

தாக்கம்: கண்டுபிடிப்பு கட்டுரையுடையது, கோட்பாடு புத்தகத்துடையது. மேற்கோளுக்கு இரண்டுமே தேவைப்படும்.

செமினாருக்கு நாளை பேச வேண்டுமா, கட்டுரை போதும். ஆய்வுப் பட்டத்துக்கு என்றால் புத்தகம். அதிலும் தத்துவ அத்தியாயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.