கூற்றா, கோவையா: கோட்லினில் நிபந்தனை எழுத இரண்டு வழிகள்

கோட்லின் என்னும் நிரல்மொழியில், நிபந்தனையைப் பார்த்து வழி பிரிக்கும் இஃப், வென் இரண்டையும் இரண்டு விதமாக எழுதலாம். ஒரு வேலையைச் செய்துவிட்டு நகர்ந்துவிடும் கூற்றாக, அதாவது ஸ்டேட்மென்ட்டாக எழுதலாம். ஒரு மதிப்பைக் கையில் கொடுக்கும் கோவையாக, அதாவது எக்ஸ்பிரஷனாகவும் எழுதலாம். நான் பராமரிக்கும் நிரலில், மதிப்பைத் தேர்ந்தெடுக்கும் நிபந்தனைகளை எல்லாம் அண்மையில் கோவை வடிவுக்கு மாற்றி முடித்தேன். எனவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

வரிகள் குறையும், மாறியைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டியதில்லை, படிக்க எளிது என்பன எல்லோரும் சொல்வதுதான். சி மொழியின் கேள்விக்குறி, முக்காற்புள்ளி வடிவம் கோட்லினில் கிடையாது. இஃப்-எல்ஸ் தானே மதிப்பைத் தருவதால் அதற்குத் தேவையும் எழவில்லை. இவற்றுக்காக மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் பிரித்து எழுதச் சொல்ல மாட்டேன்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. நிரல் எழுதிப் பல மாதங்கள் கழித்து, முன்பு இல்லாத ஒரு நிலை புதிதாக வந்து சேரும்போது என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

ஓர் ஆர்டரின் நிலையை ஈனூம் வகையாக, அதாவது எடுக்கக்கூடிய மதிப்புகளை முன்கூட்டியே பட்டியலிட்ட வகையாக, வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். பெறப்பட்டது, அனுப்பப்பட்டது, ஒப்படைக்கப்பட்டது என மூன்று நிலைகள். நிலைக்கு ஏற்பத் திரையில் ஒரு செய்தி வர வேண்டும். கூற்று வடிவில் பலரும் எழுதும் முறை இது: ‘செய்தி’ என்ற மாறியை முதலில் வெற்றுச் சரமாக, அதாவது எழுத்தே இல்லாத உரையாக, அறிவிப்பார்கள், கீழே இஃப், எல்ஸ் இஃப் என்று ஒரு சங்கிலி, ஒவ்வொரு கிளையும் ‘செய்தி’யில் ஒரு வாக்கியத்தைப் போடும். மூன்று நிலைகள் இருக்கும்வரை குறையொன்றும் இல்லை. பிறகு ‘ரத்து செய்யப்பட்டது’ என்று நான்காவது நிலை வருகிறது. நிரலை இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றித் தரும் கம்பைலர் வாய் திறக்காது. எந்தக் கிளையிலும் நுழையாமல் அந்த வெற்றுச் சரமே திரைக்குப் போய்ச் சேரும். நிரல் நிற்காது, பிழைப் பதிவிலும் எதுவும் விழாது. பயனர் ஒருவர் கேட்கும்வரை யாருக்கும் தெரியாது.

அதையே கோவையாக எழுதினால், ‘செய்தி’க்கு நேர் எதிரே வென் வந்துவிடும். மூன்று கிளைகள், மூன்று வாக்கியங்கள், எதிலும் பொருந்தாதவற்றுக்கான எல்ஸ் இல்லை. நான்காவது நிலையைச் சேர்த்த மறுகணம் பில்ட், அதாவது நிரலைக் கட்டியெழுப்பும் வேலை, நின்றுவிடும். விடுபட்ட நிலையின் பெயரைச் சொல்லி, அதற்கு ஒரு கிளை வை, இல்லையேல் எல்ஸ் வை என்று கம்பைலர் கேட்கும். இப்படிப்பட்ட வென் நிரலில் எத்தனை இடங்களில் இருந்தாலும் அத்தனையும் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். எங்கெங்கே திருத்த வேண்டும் என்று தேடி அலைய வேண்டியதில்லை. அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போகலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமான மறுப்பு. கோட்லின் 1.6இல் எச்சரிக்கையாக இருந்து, 2022இல் வந்த 1.7இல் பிழையாகவே ஆன விதி ஒன்று உண்டு. ஈனூம், சீல்டு கிளாஸ் (துணை வகைகள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது), பூலியன் (உண்மை, பொய் மட்டும்) ஆகியவற்றின் மீது வென் எழுதினால், அது கூற்றாக இருந்தாலும் எல்லா நிலைகளுக்கும் பதில் இருக்க வேண்டும். அப்படியானால் வேறுபாடு எங்கே? கிளை இருக்கிறதா என்பதை மட்டுமே அந்த விதி பார்க்கிறது. புதிய கிளையில் ஒரு பதிவு வரியை மட்டும் எழுதிவிட்டு, ‘செய்தி’க்கு மதிப்புத் தர மறந்தால் கூற்று வடிவம் அதை ஏற்றுக்கொள்ளும். கோவையில் ஒவ்வொரு கிளையும் மதிப்பைத் தந்தே ஆக வேண்டும். இஃப் சங்கிலிக்கோ அந்த விதியின் பாதுகாப்பு எட்டுவதே இல்லை.

கூற்றின் மீது முழுப் பழியையும் போடுவதும் சரியன்று. தொடக்க மதிப்பே தராமல் மாறியை அறிவித்து, கிளைகளுக்குள் மட்டும் மதிப்பிட்டால், ஏதேனும் ஒரு வழியில் மதிப்புக் கிடைக்காதபோது கோட்லினும் சரி, ஜாவாவும் சரி, அந்த மாறியைப் பயன்படுத்த விடாது. ஆபத்து, ‘இருக்கட்டுமே’ என்று போடும் அந்த வெற்றுச் சரத்தில்தான் இருக்கிறது. அதைப் போட்டதும் கம்பைலருக்கு மாறி நிறைந்துவிட்டதாகக் கணக்கு. கோவையில் அப்படி ஒரு மதிப்பைப் போட்டு வைக்க இடமே இல்லை என்பதால்தான் நான் அதன் பக்கம் நிற்கிறேன்.

கோவையிலும் இதே ஓட்டையைத் திறக்கலாம், எல்ஸ் வழியாக. மூன்று நிலைகளுக்கும் கிளை எழுதிவிட்டு, பாதுகாப்புக்கு என்று ஓர் எல்ஸையும் வைத்தால், நான்காவது நிலை சத்தமில்லாமல் அதற்குள் போய்விழும். ஈனூம் மீது எழுதும் வென்னில் எல்ஸைக் கண்டால், அது உண்மையிலேயே தேவையா என்று கேட்காமல் நான் நகர்வதில்லை. சரங்கள், எண்கள் மீது வென் எழுதும்போது எல்ஸ் தவிர்க்க முடியாதது. அங்கே கோவையின் இந்த வலிமை பெரும்பாலும் போய்விடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கிளை பல வரிகள் கொண்ட தொகுதியாக இருந்தால், கடைசி வரியே அதன் மதிப்பு. அதற்கும் கீழே யாராவது ஒரு பிரிண்ட் வரியைச் சேர்த்தால் மதிப்பு மாறிவிடும். மாறியின் வகையை வெளிப்படையாகச் சரம் என்று எழுதியிருந்தால் கம்பைலர் பிடித்துவிடும். எழுதாவிட்டால் வகை ‘எனி’ (எதையும் ஏற்கும் வகை) என்று விரிந்து, பிழை வேறெங்கோ தலைகாட்டும். இப்படிப்பட்ட இடங்களில் வகையை எழுதிவிடுவது நல்லது.

கூற்று வெல்லும் இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோப்பில் எழுதுவது, பதிவு செய்வது, உள்ளீடு தவறென்றால் செயற்கூறின் தொடக்கத்திலேயே வெளியேறுவது போன்றவற்றில் திருப்பித் தர மதிப்பே இல்லை. அவற்றை வலிந்து கோவையாக்கினால் படிப்பவர் இல்லாத மதிப்பைத் தேடிக்கொண்டிருப்பார். என் நிரலில் அவை கூற்றாகவே இருக்கின்றன.

மற்ற மொழிகளைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச என் அனுபவம் போதாது. ரஸ்ட்டில் சிறு கருவிகள் மட்டுமே எழுதியிருக்கிறேன். அங்கே வென் போன்ற மேட்ச் எல்லா நிலைகளையும் எப்போதும் கேட்கிறது என்பதால் இந்த வாதத்துக்கே வேலையில்லை. ஸ்விஃப்ட் 2023இல் வந்த 5.9 பதிப்பில்தான் இஃப், ஸ்விட்ச் இரண்டையும் கோவையாக ஏற்றது. அதன் ஸ்விட்ச் கூற்றாக இருந்தபோதே எல்லா நிலைகளையும் கேட்டது. பைத்தானின் மேட்ச், 3.10இல் வந்தது, வெறும் கூற்று. எதுவும் பொருந்தாவிட்டால் அமைதியாகக் கடந்துவிடும்.

ஜாவாவில் 2020இல் வந்த 14ஆம் பதிப்பு முதல் ஸ்விட்ச் கோவை நிலையான அம்சம். ஈனூம் மீது எழுதும் பழைய ஸ்விட்ச் கூற்று இன்றும் விடுபட்ட நிலையைக் கேட்பதில்லை, கோவை கேட்கிறது. ஆகவே கோட்லினைவிட ஜாவாவில்தான் இந்த மாற்றம் அதிகப் பலன் தரும் என்று நினைக்கிறேன். முழு நிரலையும் ஒரே மூச்சில் மாற்ற நேரமில்லாதவர்கள், அடிக்கடி புது நிலை சேரும் ஈனூம்களைப் பயன்படுத்தும் ஸ்விட்ச்களை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளலாம். மாற்றும்போது, எல்ஸ் போன்ற டீஃபால்ட் கிளையை மறக்காமல் நீக்கிவிட வேண்டும்.