மரை வேட்டைக்கு மூன்றுகால் ஸ்டிக்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

போன வருடம் துவக்கு லைசன்சும் இந்த வருடம் மான் வேட்டைக்கான கேம் லைசன்சும் எடுத்த ஒரு தம்பி கேட்டார்: "அண்ணை, நீங்கள் கொண்டு திரியிற அந்த மூண்டுகால் ஸ்டிக்கை இப்ப விலை குறைச்சுப் போட்டிருக்கிறாங்கள். வாங்கட்டோ?" ஓம் அல்லது வேண்டாம் என்று ஒரு சொல்லில் அனுப்பியிருக்கலாம். ஆனால் சுடும்போது துவக்கை வைத்துத் தாங்குகிற அந்தச் சாமானைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நல்லதும் நிறைய இருக்கிறது, கோபம் அதைவிடக் கொஞ்சம் கூட. கொம்பனிப் பெயர் வேண்டாம். பிடியில் உள்ள நெம்பை அமத்தினால் மூன்று கால்களும் ஒன்றாக நீண்டு, விட்டால் அந்தந்த இடத்தில் பூட்டிக்கொள்ளும் வகை. துவக்குக் கடைக்குப் போனவர்கள் எல்லோரும் ஒருதரமாவது அமத்திப் பார்த்திருப்பார்கள்.

முதலில் இடத்தைச் சொல்லவேண்டும். இடம் தெரியாமல் தாங்கியைப் பற்றிக் கதைப்பதில் பயன் இல்லை. நாங்கள் போவது அவுஸ்திரேலியாவில் விக்டோரியாவின் மலைப்பக்கம். மான்ஸ்ஃபீல்ட், ஜேமிசன், லிக்கோலா, டார்கோ என்று போகிற வழியெல்லாம் செங்குத்தான பள்ளத்தாக்குகள். அங்கே திரிகிற சம்பார் என்கிற பெரிய மான் எங்கள் மரைதான். 1860களில் கப்பலில் கொண்டுவந்து விட்டது, இலங்கையிலிருந்தும் வந்தது, இன்றைக்கு இந்த மலை முழுக்கப் பரவி நிற்கிறது. ஊரில் மரையைச் சட்டம் காக்கிறது. இங்கே லைசன்ஸ் உள்ளவர்கள் வருடம் முழுக்கத் தேடிப்போய்ச் சுடலாம், சில தேசியப் பூங்காக்களில் மட்டும் காலவரையறை உண்டு. துவக்கின் வாயளவும் சன்னத்தின் எடையும் சட்டம் சொல்கிற அளவுக்குக் குறையக்கூடாது, சூரியன் மறைந்து அரை மணிக்குப் பிறகு சுடக்கூடாது. இதெல்லாம் தம்பிக்குத் தெரியும்.

தெரியாதது, அந்த நிலத்தில் படுத்துச் சுட முடியாது என்பது. பிரேக்கன் பன்னம் என்கிற காட்டுச்செடி இடுப்பளவு, சில இடங்களில் நெஞ்சளவு. அதற்குள் பிளாக்பெரி முள்ளுப் பற்றை. துவக்கின் முன்கட்டையில் பூட்டுகிற ஹாரிஸ் மாதிரியான இருகால் தாங்கி, புல்மட்டும் உள்ள திறந்த மலைக்கு அருமையான சாமான். நியூசிலாந்தில் தார் ஆட்டுக்குப் போகிறவர்கள் அதைத்தான் நம்புகிறார்கள். இங்கே அதைப் பூட்டிப் படுத்தால் ஸ்கோப்பில் பன்னம் இலைதான் தெரியும். ஆகவே நின்றோ முழங்காலிலோதான் சுடவேண்டும், கையை நம்பிச் சுடவும் கூடாது. கணக்கைப் பாருங்கள்: துவக்கின் பின்கட்டையான பிடங்கு தோளில் அசையாமல் இருக்க, ஒரு மீட்டர் தள்ளி துவக்கின் முனை 1 மில்லிமீட்டர் அசைந்தால், 150 மீட்டரில் சன்னம் 15 சென்டிமீட்டர் விலகும். ஏற்றம் ஏறி மூச்சு வாங்குகிற நேரம் முனை 1 மில்லிமீட்டரோடு நிற்காது. நெஞ்சுக்கூட்டில் படவேண்டியது வயிற்றில் படும். வயிற்றில் வெடிபட்ட மரை பின்னேரம் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் அது படுகிற பாட்டை நினைக்கவே மனம் வராது. தாங்கி இல்லாமல் நின்ற நிலையில் சுடக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

இனி அந்த மூன்றுகாலின் நல்ல பக்கம். நிலையாக நிற்பதில் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சரிவில் இரண்டு காலைப் பள்ளப்பக்கமும் ஒன்றை மேட்டுப்பக்கமும் ஊன்றி, ஸ்டிக்கின் உச்சியில் துவக்கு இருக்கிற கவட்டை போன்ற கவரையும் முன்கட்டையையும் இடக்கையால் சேர்த்துப் பிடித்து, உடம்பை மெல்ல முன்னுக்குச் சாய்த்தால் ஸ்கோப்பின் சிலுவை அப்படியே உறைந்து நிற்கும். என்னுடையது .308 போல்ட் ரைபிள், ஸ்கோப்போடு 4 கிலோ வரும். சுடுதிடலில் 100 மீட்டரில் இந்த ஸ்டிக்கில் நின்று சுட்டால், மேசையில் இருந்து சுட்டதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாத நாட்களும் உண்டு. ஒற்றைக் கையால் உயரம் மாற்றலாம். மற்றக் கை துவக்கை விடவேண்டியதில்லை. முழங்காலில் இருந்து எழும்பி நிற்க வேண்டி வந்தால் ஒரே அமத்தலில் கால் நீளும். இறங்கும்போது ஊன்றுகோலாகவும் உதவும். ஆற்றைக் கடக்கிற இடத்தில், வழுக்குகிற உருண்டைக் கல்லில், அது என்னைப் பல தரம் விழாமல் பிடித்திருக்கிறது.

இவ்வளவும் உண்மை. ஆனால் அது போடுகிற சத்தம்!

முதல் சத்தம், கால்களைச் சேர்த்துக் கட்டிய ஒட்டுப்பட்டியைக் கழற்றும்போது வருகிற "சர்ர்". இரண்டாவது, நெம்பை அமத்தியதும் மூன்று அலுமினியக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று உரசி இறங்குகிற சத்தம். இது பரவாயில்லை, காற்று அடித்தால் கேளாது. மூன்றாவதுதான் என் கோபம். கால்கள் தம் பாரத்தில் கீழே விழுந்து நீளம் முடிகிற இடத்தில் நிறுத்தியில் மோதும். "டக்". அலுமினியத்தில் அலுமினியம். கடைக்குள் அமத்திப் பார்க்கிறபோது ஏசி இரைச்சலுக்கும் ஆட்களின் கதைக்கும் நடுவில் அது சத்தமாகவே தெரியாது. உறைபனி கொட்டிய விடியற்காலையில், காற்றே இல்லாத பள்ளத்தில், அந்த "டக்" எதிர்ச்சரிவில் போய் மோதித் திரும்பி வரும்.

ஹௌக்குவா ஆற்றுக்கு மேலே ஒரு குளிர்கால விடியல். காற்று எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது, மணம் போக வழியில்லை. எதிர்ச்சரிவில், 120 மீட்டர் இருக்கும், வற்றல் மரத்துக்குக் கீழே ஒரு பெட்டை மரை. தலையைக் குனிந்து பிளாக்பெரி இலையை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கித் தின்றுகொண்டு நின்றது. மூக்கில் இருந்து ஆவி போவதுகூடத் தெரிந்தது. நான் முழங்காலில் இருந்தேன். பன்னம் மறைத்ததால் ஓர் அடி உயர்ந்தால்தான் நெஞ்சுக்கூடு தெரியும். நெம்பை அமத்தி மெல்லத்தான் தூக்கினேன். நடுக்கால் மட்டும் எங்கேயோ சிக்கி நின்று, பிறகு ஒரேயடியாக விழுந்தது. டக். மரையின் ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது. மற்றக் காது அசையவில்லை, தலையும் நிமிரவில்லை. பிறகு மெல்ல மெல்லத் தலை நிமிர்ந்தது. முன்னங்காலால் நிலத்தில் ஓங்கி மிதித்தது. வால் எழும்பியது. அடுத்த கணம் தகரப் பீப்பாயில் உலக்கையால் அடித்த மாதிரி ஒரு கத்தல். பள்ளத்தில் நின்ற மற்ற மரைகளும் கத்தத் தொடங்க, அந்தக் காலை அத்தோடு முடிந்தது.

துவக்கு முழுதாக நிலைகொண்டிருந்தது. சிலுவை அசையவில்லை. சுடுவதற்குத்தான் ஒன்றும் நிற்கவில்லை.

மரைக்குக் கண் அவ்வளவு கூர்மை இல்லை. அசையாமல் நின்றால் பார்த்துக்கொண்டே மேயும். ஆனால் மூக்கும் காதும் அப்படியில்லை. கொப்பு முறிகிற சத்தத்தைப் பொறுக்கும், கங்காரு பாய்கிற சத்தத்தைப் பொறுக்கும், லயர் பறவை சருகைக் கிளறுவதைத் திரும்பியும் பார்க்காது. காட்டில் இல்லாத சத்தம் ஒன்று கேட்டால் அந்த இடத்தில் நிற்காது. இரும்பும் அலுமினியமும் மோதுவது காட்டுச் சத்தம் இல்லை. இதை வேட்டைக்கென்று சாமான் செய்கிற கொம்பனி யோசிக்காமல் விட்டதுதான் எனக்குப் பொறுக்கமுடியாத விஷயம். பெட்டியில் மான் படம் போட்டிருக்கிறார்கள். அந்த மானுக்குக் காது இருக்கிறது.

நான் செய்த திருத்தங்களைச் சொல்கிறேன், ஏற்கனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கு உதவும். கால்களின் வெளிப்பக்கத்தில் பழைய சைக்கிள் ரியூபை இழுத்து மாட்டினேன். கால்கள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் அதோடு போய்விட்டது, விறைக்கிற குளிரில் கையில் பிடிக்கவும் சுகம். ஒட்டுப்பட்டியை வெட்டி எறிந்துவிட்டு அதே ரியூபில் வெட்டிய றப்பர் வளையம் போட்டேன். துவக்கு இருக்கிற கவருக்குத் தடித்த கம்பளித்துணி ஒட்டினேன். இது சத்தத்துக்கு மட்டும் இல்லை. வன்மையான கவரில் துவக்கை வைத்துச் சுட்டால் அது மேலே துள்ளும், சன்னமும் மேலே போகும். எந்தத் தாங்கியிலும் முன்கட்டையைத்தான் வைக்கவேண்டும், குழலை வைக்கக்கூடாது. குழலில் முட்டினால் படும் இடமே மாறிவிடும்.

மிஞ்சியது அந்த "டக்". அதற்கு உள்ளே இருக்கிற நிறுத்தியில் றப்பர் போடவேண்டும். அதற்கிடையில் கவர் சுழலுகிற இடத்தில் இருந்த பிளாஸ்ரிக் வளையமும் தேய்ந்து, தலை இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கியது. கடைக்குக் கொண்டுபோனேன். வளையம் தனியாக வராதாம், தலை முழுவதையும் வாங்கவேண்டுமாம். தலையின் விலை, புது ஸ்டிக்கின் விலையில் பாதிக்குக் கிட்ட. விரல்நகமளவு பிளாஸ்ரிக் வளையத்துக்கு! கடைப்பொடியன் மரியாதையான பிள்ளை, அவரில் பிழையில்லை. வீட்டுக்கு வந்து, நைலோன் வோஷர் ஒன்றை அரத்தால் ராவிப் பொருத்தினேன், இன்றுவரை இருக்கிறது. கால்களைக் கழற்றி நிறுத்திக்கு மேலே மெல்லிய றப்பர் வளையமும் போட்டேன். "டக்" இப்போது "தொப்" ஆகியிருக்கிறது. குறைந்ததுதான், போகவில்லை. நெம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அமத்தி, மறு கையால் காலைப் பிடித்து இறக்கினால் சத்தமே வராமல் செய்யலாம். ஆனால் ஒற்றைக் கையால் இயக்கலாம் என்பதற்காகத்தானே இந்த விலை கொடுத்தது?

மற்ற வகைகளையும் நான் தோளில் சுமந்து பார்த்திருக்கிறேன். கார்பன் கால் ட்ரைபொட்டில் துவக்கை இறுக்கிப் பிடிக்கிற தலை பூட்டுவது ஆகச் சிறந்த நிலை தரும். ஒரு மேட்டில் இருந்து மணிக்கணக்காக எதிர்ச்சரிவைப் பார்ப்பவருக்கு அதுதான். விலையும் அப்படித்தான். நடந்து தேடுகிறவருக்கு அதை விரித்துப் பூட்டுகிற நேரம் கிடைக்காது. நாலுகோல் தாங்கி முன்கட்டையையும் பிடங்குப் பக்கத்தையும் இரண்டு இடத்தில் தாங்குவதால், மூச்சோடு துவக்கு மேலும் கீழும் ஆடுவது நின்றுவிடும். நின்று சுடுவதற்கு அதை மிஞ்சி நான் ஒன்றும் பார்க்கவில்லை. முள்ளுப் பற்றைக்குள் நாலு கோலையும் இழுத்துக்கொண்டு போவதுதான் பாடு. முதுகுப்பையை நிமிர்த்தி வைத்து அதன்மேல் துவக்கை வைப்பது இருந்து சுடுகிறவருக்குச் செலவில்லாத வழி.

அப்புறம் மரக்கோல். வன்னியில் எங்கள் பெரியப்பாவிடம் ஒரு கவர்த்தடி இருந்தது. இங்கே பன்னிங்ஸ் என்கிற வன்பொருள் கடையில் தக்காளிச் செடிக்கு நடுகிற வன்மரக் கட்டை விற்கிறார்கள், 25 மில்லிமீட்டர் சதுரம், 1.8 மீட்டர் நீளம். இரண்டு கட்டை வாங்கி, மூலைகளைச் சீவி, மேலே ஒரு சாண் விட்டு ரியூப் றப்பரால் இறுக்கிச் சுற்றி, கத்தரிக்கோல் போல விரித்தால் கவர் தயார். மரம் மரத்தில் முட்டினாலும் காட்டுச் சத்தம்தான் வரும். ஆனால் முன்பின்னாக ஆடும். மூன்றுகாலின் நிலையில் பாதிதான் கிடைக்கும். 100 மீட்டருக்கு மேலே நான் அதை நம்புவதில்லை.

தம்பி, இவ்வளவும் வாசித்தால் மூன்றுகாலைத்தான் வாங்கச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். நிலை, வேகம், ஊன்றுகோல் என்று எண்ணிப் பார்த்தால் அதுதான் வெல்லும். ஆனால் வாங்க வேண்டாம். விலை இன்னும் பாதி குறைந்தாலும் வேண்டாம். நான் என்னுடையதை விற்கப்போவதில்லை, கமக்காரர் கூப்பிட்டு முயலுக்கும் நரிக்கும் திறந்த வெளியில் போகிற நாட்களில் அது காரில் இருக்கும். காற்று இரைகிற மலைமுதுகுக்கும் கொண்டுபோவேன். நீங்கள் போகப்போவது பள்ளத்துக்கு, அதுவும் முதல் வருடம். முதல் மரையைக் காண்கிற அந்த நிமிடத்தில் கையில் இருக்கிற சாமான் அதை எழுப்பிக் கலைக்கிற கோபத்தை நான் உங்களுக்கு வாங்கித் தரமாட்டேன்.

இரண்டு கட்டை வாங்குங்கள். உங்கள் உயரத்துக்கு, நின்ற நிலையில் கவர் அக்குளுக்குச் சற்று மேலே வருமாறு அளந்து வெட்டுங்கள். அடியைக் கூராக்க வேண்டாம், கல்லில் வழுக்கும், பழைய றப்பர்த் துண்டு மாட்டுங்கள். துவக்குக்குள் சன்னம் ஏற்றாமல் நடவுங்கள். கோலை ஊன்றி, துவக்கை வைத்து, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு போல்ட்டை மெல்லத் தள்ளுங்கள், அதுவும் சத்தம் போடும். காட்டுக்கு முன் ஈகிள் பார்க் சுடுதிடலுக்கு வாருங்கள், நின்று சுட விடுகிற நேரம் கேட்டு வைக்கிறேன். 50 மீட்டரில் தொடங்கி, அந்தக் கோலில் எத்தனை மீட்டர் வரைக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பையளவுக்குள் எல்லா வெடியும் விழுகிறது என்று பார்ப்போம். இந்த வருடம் அந்தத் தூரத்துக்கு மேலே நிற்கிற மரையை விட்டுவிடுங்கள்.