முழங்கால் தழும்பைக் கரைப்பதாகச் சொல்லும் கருவியை வாங்கிவிடாதீர்கள்

என் மூன்று மாதச் சம்பளத்தை வாரிக்கொண்டு போய்விட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு, என் அம்மாவின் மூட்டுக்குள் தழும்புத் திசு அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது. கால் முழுதாக நீளவில்லை. படி இறங்கத் தேவைப்படும் 90 டிகிரி அளவுக்கு மடங்கவும் இல்லை. அந்த நேரத்தில்தான், சூடும் அதிர்வும் கொடுத்து 'உள்தழும்பைக் கரைக்கும்' முழங்கால் உறையை இணையத்தில் விற்கும் நிறுவனம் ஒன்று கண்ணில் பட்டது. காணொளி அழைப்பில் வெள்ளை அங்கியுடன் தோன்றியவர், "அம்மா, காலைத் தளர்த்தி நீட்டிக்கொண்டு, முழங்கால் சில்லை இரண்டு விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள்" என்றார். சில்லு அசையவே இல்லை. மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் செய்து பார்த்ததும் இதே சோதனைதான் என்பதால், எனக்கிருந்த சந்தேகம் அந்தக் கணமே அடங்கிவிட்டது. "உறையைக் கட்டிக்கொள்ளுங்கள், பயிற்சியை நிறுத்துங்கள், மூட்டு ஓய்வெடுக்கட்டும்" என்று அவர் சொன்னதையும் அம்மா வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

தோல் சிவந்ததுதான் மிச்சம். புகார் செய்தபோது முதலில் "உடல்வாகைப் பொறுத்தது" என்றார்கள். பிறகு, பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்பப் பெற இயலாது என்றார்கள். அந்த வெள்ளை அங்கிக்காரரைக் கேட்டால், அவர் வேறு பிரிவுக்குப் போய்விட்டாராம். கடைசியாக வந்த பதில், ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் புகாரை முன்னுரிமையில் பார்ப்பதாகச் சொன்னது. மூன்று மாதச் சம்பளத்தை விழுங்கியவர்களுக்கு நட்சத்திரமும் வேண்டுமாம்!

பணத்தைவிடப் பெரிய இழப்பு, அறுவை மருத்துவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. சில்லுக்கு மேலுள்ள பையிலும் மூட்டின் மற்ற இடுக்குகளிலும் தழும்பின் கொலாஜன் என்ற புரத இழைகள் பட்டை பட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும்போது, தோலுக்கு மேல் கொடுக்கும் சூடு அவற்றைக் கரைக்காது. மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிடும் சிகிச்சையைப் பெரும்பாலும் முதல் 12 வாரங்களுக்குள் செய்வார்கள். தழும்பு இறுகிய பின் அப்படி மடக்கினால் எலும்பு முறியும் அபாயமும் உண்டு. அந்தக் காலத்தைத்தான் இவர்கள் தின்றுவிட்டார்கள். இனி நுண்துளை வழியாகத் தழும்பை வெட்டி விடுவிப்பதே வழி என்கிறார். போன மூன்று மாதச் சம்பளம் அதற்கு உதவியிருக்கும்.

விரிவான ஆலோசனை எழுத இப்போது மனம் ஒப்பவில்லை. மடங்கும் அளவு கூடாமல் நின்றுவிட்டால், அறுவை செய்த மருத்துவரிடமே உடனே காட்டுங்கள். அவரைக் கேட்காமல் பயிற்சியை நிறுத்தாதீர்கள். வீக்கத்தோடு காய்ச்சலும் வந்தால் தொற்றாக இருக்கலாம், காத்திருக்காதீர்கள். 'கரைக்கும்' என்று எவராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள்.