குளத்துக்கு அப்பால் கொடி: கடினமான பார் த்ரீயை ஆட மூன்று வழிகள்

ஓசூர்ப் பக்கத்தில் நாங்கள் ஞாயிறுதோறும் ஆடும் கோல்ஃப் மைதானத்தில் எல்லோருடைய கணக்கையும் கெடுக்கும் பார் த்ரீ (மூன்று அடிகளில் முடிப்பதே ‘பார்’ எனக் கணக்கிடப்படும் குழி) ஒன்று இருக்கிறது. முதல் அடியை அடிக்கும் டீயிலிருந்து கிரீனின் (குழியும் கொடியும் உள்ள வழவழப்பான புல்பரப்பின்) நடுப்பகுதி 150 கஜம். முன்புறத்திலும் வலப்புறத்திலும் குளம், பின்னால் ஒரு பங்கர் (மணல்குழி). இடப்புறத்தில் மட்டும் கிரீன் வரைக்கும் புல்தரை நீள்கிறது. கொடி வலது மூலையில், நீரை ஒட்டி நடப்பட்டிருக்கும் நாளில் ஆட்டக்காரர் முன் மூன்று வழிகள் உள்ளன: கொடியையே குறிவைப்பது, கிரீனின் நடுவைக் குறிவைப்பது, நீரைச் சீண்டாமல் இடப்புறப் புல்தரையில் குறைத்து அடித்து அங்கிருந்து சிப் செய்வது (பந்தை மெல்லத் தூக்கிக் கிரீனில் போடுவது).

முதல் வழியின் ஆசை எல்லோருக்கும் புரியும். பந்து கொடியருகே விழுந்தால் ஒரே பட்டில் (கிரீனில் பந்தை உருட்டும் அடியில்) பேர்டி, அதாவது பாரைவிட ஓர் அடி குறைவு, கிடைக்கும். ஆனால் வலக்கை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோரின் தவறு குறைவாகவும் வலப்பக்கமாகவுமே போகிறது. எங்கள் குளம் இருப்பதும் அதே இடத்தில்தான். அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தின் 12-ஆம் குழியும் இப்படித்தான். 155 கஜமே நீளமுள்ள அக்குழியின் கிரீன் சாய்வாகக் கிடப்பதால், வலப்பக்கம் போகப்போக நீரைத் தாண்ட வேண்டிய தூரம் கூடுகிறது. அம்மைதானத்தில் நடந்த 2019 மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாளில் மோலினாரி, கெப்கா, பவுல்டர், ஃபினாவ் ஆகிய நால்வரின் பந்துகளும் அங்கே ஓடையில் விழுந்தன; கொடியை விட்டு இடப்பக்கமாகக் கிரீனில் பந்தை நிறுத்தி, இரண்டு பட்டில் பார் எடுத்த டைகர் உட்ஸ் அன்று பட்டம் வென்றார். அதே குழியில் டாம் வைஸ்கோஃப் 1980-இல் 13 அடிகள் எடுத்தார். உலகின் முன்வரிசை ஆட்டக்காரர்களுக்கே இது நேரும்போது, வாரத்தில் ஒரு நாள் ஆடும் நாம் கொடியை மட்டும் பார்த்து அடிப்பதை நான் துணிச்சலாகக் கருதவில்லை.

நீரில் விழுந்த பந்தின் விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் அடி தண்டனை. குளத்துக்கு இப்பக்கமே வேறு பந்தை டிராப் செய்தால் (கையிலிருந்து விழவிட்டால்) மூன்றாவது அடியும் நீரைத் தாண்டியாக வேண்டும். அது கிரீனில் நின்று இரண்டு பட்டில் முடிந்தாலும் கணக்கு 5. நடுவைக் குறிவைப்பவருக்கோ இரண்டு பட்டில் 3, மூன்று பட் ஆனாலும் 4. அடி பத்துக் கஜம் வலப்பக்கம் விலகினாலும் பந்து கிரீனிலேயே இருக்கும் என்பதுதான் இந்த வழியின் பெரிய பலம்.

இதற்குத் தூரத்தைச் சரியாகக் கணிப்பது முக்கியம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சென்னையில் அடித்துப் பழகியவருக்கு அதே அயர்னில் (இரும்புத் தலை மட்டை; எண் குறையக் குறையப் பந்து தூரம் போகும்) பந்து இங்கே சில கஜம் கூடுதலாகப் பறக்கும். ஆடி மாதத்து மேல்காற்று எதிரே வந்தால் அந்த ஆதாயம் முழுவதும் போய், அதற்கு மேலும் குறையும். சென்ற ஆண்டு ஆடியில் கொடித்துணி அசையாமல் தொங்கியதைப் பார்த்து நான் ஏழாம் நம்பர் அயர்னை எடுத்தேன். மட்டைப் பையைச் சுமந்து உடன் வந்த கேடி (உதவியாளர்), "கொடியைப் பார்க்காதீங்க சார், கரைக்கு மேல அந்தப் புளியமர உச்சியைப் பாருங்க" என்றார். கரையின் மறைவில் கொடி அடங்கியிருக்க, மரத்தின் உச்சிக் கிளைகள் எங்கள் பக்கம் வளைந்து ஆடிக்கொண்டிருந்தன. ஐந்தாம் நம்பர் அயர்னை மாற்றி எடுத்து, முழு வீச்சில்லாமல் நிதானமாக அடித்தேன். பந்து கிரீனின் விளிம்பைத்தான் எட்டியது.

மூன்றாவது வழியைக் கோழைத்தனம் என்று ஒதுக்குவோர் பலர். 1959 அமெரிக்க ஓப்பனில், விங்டு ஃபுட் மைதானத்தின் நீளமான மூன்றாம் குழியில் பில்லி காஸ்பர் நான்கு நாளும் வேண்டுமென்றே கிரீனுக்கு முன்பாகவே பந்தை நிறுத்தி, சிப் செய்து, ஒவ்வொரு நாளும் பார் எடுத்தார். பட்டத்தையும் ஒரே அடி வித்தியாசத்தில் வென்றார். ஆனால் அவருடைய பட்டிங் திறமை அபாரமானது என்பதையும், அங்கே ஆபத்து இருபுறப் பங்கர்களே தவிர நீர் அல்ல என்பதையும் மறக்கக்கூடாது. அமெரிக்காவின் சாகிராஸ் மைதானத்தின் 17-ஆம் குழியைப் போல கிரீனே தீவாக இருக்கும் இடத்தில் இந்த வழி உதவாது; குறைத்து அடித்தாலும் நீரைத் தாண்டும் வேலை மிச்சமிருக்கும். எங்கள் குழியில் இடப்புறம் திறந்திருப்பதால் இது பொருந்துகிறது. 150 கஜத்தைக் காற்றில் நம்பிக்கையோடு கடக்க இயலாதவர்களுக்கு நான் இதையே முதலில் சொல்வேன். அவர்களுடைய 4, குளத்தில் பந்தைத் தொலைத்தவரின் 5-ஐவிட மேலானது.

காற்று குறுக்கிடாதவரை என் தேர்வு நடுவழிதான். எதிர்காற்று புளியமரத்தை வளைக்கும் நாளில் தயங்காமல் இடப்புறப் புல்தரைக்கு அடிக்கிறேன். கொடியை இடது மூலையில் நட்டு, மரமும் அசையாமல் நிற்கும் காலைகளில் மட்டும் நேராகக் கொடியைக் குறிவைக்கிறேன். அங்கே தவறினாலும் பந்து புல்லில்தான் கிடக்கும்.