எடை மெஷினா, இஞ்ச் டேப்பா: முதல் ஆறு வாரம் எதை நம்புவது?

வெயிட் தூக்க ஆரம்பித்த பத்தாம் நாள் காலை, எடை மெஷினில் ஏறினேன். 71.4 ஆக இருந்தது 72.8 காட்டியது. மெஷினை நகர்த்தி வைத்து மறுபடி ஏறினேன். அதே 72.8. இனிப்பை நிறுத்தி, தொடை வலியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த இடத்தில்தான் பலர் பயிற்சியையே விட்டுவிடுகிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த 1.4 கிலோ கொழுப்பு இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவானது போக ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். அப்படிப் பார்த்தால் பத்து நாளும் தினம் ஆயிரம் கலோரிக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். அது தெரியாமல் நடக்கிற காரியமில்லை. பெரிய அளவில் தசையும் இல்லை. தொடக்க வாரங்களில் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கப் பழகுவதால்தான். வந்திருப்பது தண்ணீர். பழக்கமில்லாத பாரத்தால் தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது, அதை உடல் சரிசெய்யும்போது அங்கே நீர் கோக்கிறது. கூடவே தசை கிளைக்கோஜனை (எரிபொருளாகச் சேமிக்கும் சர்க்கரையை) அதிகமாகச் சேமிக்கப் பழகுகிறது; ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் 3 கிராம் நீரும் ஒட்டிக்கொள்ளும். கிரியேட்டின் என்ற பயிற்சித் துணைப்பொடி எடுப்பவர்களுக்கு அதனாலேயே ஒன்றிரண்டு கிலோ ஏறலாம்.

சரி, எதை வைத்து அளப்பது? தினமும் மெஷினில் ஏறி அன்றைய எண்ணை மட்டும் பார்ப்பது இந்த ஆறு வாரத்தில் மிக மோசமான வழி. நேற்றைய உப்பும், நேற்று போட்ட ஸ்குவாட்டும் (பாரத்தோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) அந்த எண்ணில் கலந்திருக்கும். அதே மெஷினில் தினமும் காலை, கழிப்பறை போய் வந்தபின், சாப்பிடுமுன் ஏறி, ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்தால் கதை மாறும். வார சராசரி ஓரளவு நியாயமாகப் பேசும். மாதவிடாய் வருபவர்கள் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதம் சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது நல்லது.

கொழுப்பு சதவீதம் காட்டும் மெஷின்கள் கவர்ச்சியாக இருக்கும். பாதம் வழியே மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, உடல் அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகின்றன. நீர் கூடினால் தடை குறையும். உடனே ‘கொழுப்பு குறைந்தது, தசை கூடியது’ என்று காட்டும். எடை மெஷின் நம்மைப் பொய்யாகப் பயமுறுத்துகிறது என்றால், இது பொய்யாகச் சந்தோஷப்படுத்துகிறது. எக்ஸ்ரே மூலம் கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் எவ்வளவோ மேல், ஆனால் அதுவும் தசையில் கோத்த நீரைத் தசைக் கணக்கில்தான் சேர்க்கும். ஆறு வாரத்துக்குள் அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

என் ஓட்டு இஞ்ச் டேப்புக்கு. அதிலும் இடுப்பு அளவுக்கு மட்டும். தொடையையும் கையையும் அளந்தால் அங்கே இருக்கும் வீக்கத்தையும் சேர்த்துத்தான் அளப்போம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சை இயல்பாக விட்டு முடித்ததும் படியுங்கள். இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். வாரம் ஒருமுறை போதும். எனக்குத் தொடங்கும்போது 91 செ.மீ. அழுத அந்தப் பத்தாம் நாளில் 90.5. மெஷின் ஏறிக்கொண்டிருந்தபோதே டேப் இறங்கியிருந்தது, நான்தான் குறித்து வைத்ததை எடுத்துப் பார்க்கவில்லை. ஆறாம் வாரம் 88.5, வார சராசரி எடையும் 71.2க்கு வந்துவிட்டது.

தூக்கிய எடையைக் குறித்து வைக்கும் நோட்டும் வேண்டும். ஆனால் பலம் கூடியதைத்தான் அது சொல்லும், கொழுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

எண்ணைப் பார்த்தாலே மனசு உடைகிறவர்கள் ஆறு வாரம் மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு டேப்போடு இருங்கள். இரண்டு மாதம் கழித்தும் எடையும் இடுப்பும் சேர்ந்தே ஏறினால், அப்போது சாப்பாட்டைப் பாருங்கள். கால் வீங்கி மூச்சு வாங்கினாலோ, கடும் தசை வலியோடு சிறுநீர் கரும்பழுப்பாகப் போனாலோ டேப்பையும் நோட்டையும் வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.