பாண்டியில சைக்கிளுக்கு வழி: பெயின்ட் கோடா, கட்டை வச்ச தடமா, முப்பது ஸ்பீடா, வாடகை சைக்கிளா?

பாண்டிய சைக்கிளுக்கு ஏத்த ஊரா மாத்த என்ன பண்ணலாம்னு ஜனங்கள கேட்டா பெரும்பாலும் நாலு பதில்தான் வருது. ரோட்டோரம் தனியா கோடு போடு, வண்டிங்க உள்ள வராம ஓரத்துல கட்டை வச்சு தனித் தடம் கட்டு, ஊருக்குள்ள வண்டிங்க ஸ்பீட மணிக்கு 30 கிலோமீட்டரா குறை, வாடகை சைக்கிள் ஸ்டாண்ட் வை. கேக்க நாலுமே நல்லாதான் இருக்கு, ஆனா காசும் ரோட்டு அகலமும் அளவாதான் இருக்குங்கறப்ப ஒண்ண எடுத்தா இன்னொண்ணு பின்னாடி போயிடும், அதனால எத முதல்ல கேக்கணும்னு யோசிச்சுதான் கேக்கணும். என் ஓட்டு எதுக்குன்னு இப்பவே சொல்லிடறேன்: புல்வார்டுக்குள்ள, அதாவது பழைய ஊரச் சுத்தி வர்ற ரோட்டுக்கு உள்பக்கம், ஸ்பீட குறைக்கணும், கடலூர் ரோடு, வில்லியனூர் ரோடு, ஈசிஆர் இந்த மூணுலயும் கட்டை வச்ச தடம் வேணும். மத்ததெல்லாம் அப்புறம்.

முதல்ல பெயின்ட் கோடு. செலவு கம்மி, ராத்திரியோட ராத்திரியா போட்டு காலைல போட்டோ எடுத்துடலாம். ஆனா நேரு வீதியில இடது ஓரம் எப்படி இருக்கும்னு பாண்டிக்காரங்களுக்குத் தெரியும், வரிசையா டூ வீலர், அதுக்கு முன்னாடி லோடு இறக்குற மினி வண்டி, கொஞ்சம் தள்ளி ஒரு கார் கதவு டக்குன்னு திறக்கும். கோட்டுக்குள்ள போற சைக்கிள்காரர் இது ஒவ்வொண்ணுக்கும் வெளிய வளைஞ்சு வரணும், அதுவும் சரியா பின்னாடி டெம்போ வர்ற நேரத்துல. நேரா ஒரே லைன்ல போறவர விட இப்படி உள்ளயும் வெளியயும் போறவருக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. ஐப்பசி கார்த்திகை மழைல அந்த பெயின்ட் வழுக்கவும் செய்யும். பெங்களூர்ல 2020ல அவுட்டர் ரிங் ரோட்ல வெறும் கோட்ட நம்பாம பிளாஸ்டிக் கம்பமே நட்டு சைக்கிள் லேன் விட்டாங்க, அந்தக் கம்பத்தையும் உடைச்சுக்கிட்டு பைக்குங்க உள்ள வந்துச்சு. இங்க வெறும் கோடு எத்தன நாள் தாங்கும் சொல்லுங்க.

அடுத்தது கட்டை வச்ச தடம். இதுக்கு காசு நிறைய ஆகும், கடைக்காரங்க சண்டைக்கு வருவாங்க, ஒத்துக்கறேன். ஆனா அரியாங்குப்பத்துலேர்ந்தும் ரெட்டியார்பாளையத்துலேர்ந்தும் வேலைக்கும் ஸ்கூலுக்கும் வர்றவங்க பஸ் பக்கத்துல ஒரு அடி இடத்துலதான் மிதிச்சுக்கிட்டு வர்றாங்க, அங்க கட்டைய தவிர வேற எதுவும் காப்பாத்தாது. தடத்த பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி கொண்டு போகணும், முன்னாடி விட்டா ஒவ்வொரு பஸ்ஸும் நிக்கறப்ப சைக்கிள் அடியில மாட்டும். இதெல்லாம் யாரும் புதுசா கண்டுபிடிக்க வேண்டியதில்ல, சைக்கிள் தடம் எப்படி அமைக்கணும்னு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் போட்ட ஐஆர்சி 11-2015னு இந்தியாவுக்கே தனி வழிகாட்டி இருக்கு.

பிரச்சினை எங்கன்னா, நம்ம நாட்டுல தடம் கட்டுனா ஜங்ஷனுக்கு கொஞ்ச தூரம் முன்னாடியே நிறுத்திடறாங்க. இந்திரா சிலை ஜங்ஷனுக்கு முன்னாடி முடிஞ்சு சிலை தாண்டி மறுபடி ஆரம்பிக்கற தடத்தால யாருக்கு என்ன பிரயோஜனம்? உண்மையான பயம் அந்த வட்டத்துலதான். புனேல தடம் கட்டியும் துண்டு துண்டா போனதால வண்டி நிறுத்தவும் கடை போடவும்தான் நிறைய இடத்துல பயன்பட்டுச்சு. ஸ்பெயின்ல செவில்னு ஒரு ஊரு, நம்மள மாதிரியே வெயில் கொளுத்தற சமவெளி, 2006 வாக்குல ஆரம்பிச்சு சில வருஷத்துலயே 80 கிலோமீட்டர் கிட்ட ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சு போற மாதிரி போட்டுட்டாங்க, அங்க சைக்கிள்ல போறவங்க கூட்டம் பல மடங்கு ஏறுச்சு. துண்டா போட்டிருந்தா அது நடந்திருக்காது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனா கட்டாயம் சொல்லணும். மழைத்தண்ணி இறங்கறதுக்கு ரோட்டோரம் இரும்புக் கம்பி மூடி போடறாங்க இல்ல, அந்தக் கம்பிங்க ரோட்டு நீளத்துக்கே போச்சுன்னா சைக்கிள் டயர் நேரா இடுக்குல இறங்கும், ஆளு ஹாண்டில் பாருக்கு மேல பறப்பார். கம்பி குறுக்க இருந்தா ஒண்ணும் ஆகாது. மூடிய திருப்பி வச்சாலே தீர்ற வேலை, இதுக்குப் பெரிய திட்டமே தேவையில்ல.

மூணாவது, ஸ்பீட். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். 50ல வர்ற வண்டி மோதற சக்தி 30ல வர்றத விட கிட்டத்தட்ட மூணு மடங்கு, ஸ்கூல் பிசிக்ஸ்தான். பாரிஸ்ல 2021 ஆகஸ்ட்லேர்ந்து பெரும்பாலான தெருவுல 30தான் லிமிட். நம்ம ஊர்ல இதுக்கு வெளிநாட்டு உதாரணமே வேணாம், பீச் ரோட்ல சாயங்காலம் 6 மணிக்கு மேல வண்டி விடறதில்ல, பிள்ளைங்க நடு ரோட்ல சைக்கிள் கத்துக்குது, தாத்தா பாட்டிங்க பயமில்லாம நடக்கறாங்க. புல்வார்டுக்குள்ள தெருவெல்லாம் கோடு கிழிச்ச மாதிரி நேரா இருக்கறதால பைக்குங்க முறுக்கிக்கிட்டு வரும், வெறும் போர்டு வச்சா யாரும் குறைக்க மாட்டாங்க. குறுக்குத் தெரு சேர்ற இடத்துல ரோட்டையே பிளாட்பாரம் உயரத்துக்குத் தூக்கணும், அப்பதான் கால் தானா பிரேக்குக்குப் போகும். அதோட ஒன்வேல சைக்கிள மட்டும் எதிர்ப்பக்கமும் விடலாம், மெதுவா வண்டி போற தெருவுல அது ஆபத்தில்ல, ரெண்டு தெரு சுத்தறது மிச்சம். கட்டையோட ஒப்பிட்டா செலவு ரொம்பக் கம்மி, ரோட்டு அகலமும் தின்னாது. ஆனா கடலூர் ரோட்ல இத வச்சு லாரிய அடக்க முடியாது, அதனாலதான் ரெண்டும் சேர்ந்தே வேணும்ங்கறேன்.

வாடகை சைக்கிள் பத்தி சுருக்கமா. மைசூர்ல 2017 ஜூன்ல டிரின் டிரின்னு 450 சைக்கிளோட ஆரம்பிச்சாங்க, நல்ல முயற்சி. ஆனா பாண்டிக்கு வர்ற டூரிஸ்டுக்கு ஒயிட் டவுன் பக்கம் ஏற்கனவே வாடகைக்குக் கிடைக்குது. தினம் சைக்கிள்ல போறவர்கிட்ட சொந்தமா ஒண்ணு இருக்கு, கேரியர்ல சாப்பாட்டுக் கூடையோ மூட்டையோ கட்டுவார், அவருக்கு வேண்டியது பஸ் ஸ்டாண்ட்ல கூரை போட்ட, பூட்டி வைக்கற ஸ்டாண்ட். அந்தக் காச அதுக்குப் போடுங்க. மிச்சமிருந்தா மரம் நடுங்க, 2011ல தானே புயல் சாச்ச மரத்தோட நிழலெல்லாம் எத்தன ரோட்ல இன்னும் திரும்பவே இல்ல, மத்தியானம் 2 மணிக்கு நிழல் இல்லாத தடத்துல யார் மிதிப்பாங்க?

கடைசியா, திட்டம் போடறவங்க ஜனங்ககிட்ட கருத்து கேக்கற விதம். போன்ல இங்கிலீஷ்ல ஃபார்ம் அனுப்புனா ஞாயித்துக்கிழமை காலைல ஹெல்மெட் போட்டு ஈசிஆர்ல போறவங்கதான் நிரப்புவாங்க, அவங்களும் வேணும், ஆனா வாட்ச்மேன், கொத்தனார், அரசுப் பள்ளிப் பிள்ளைங்க, ஆசிரமத்துல காலங்காலமா சைக்கிள்லயே போய் வர்ற பெரியவங்க, இவங்க குரல் அதுல வராது. விடிகாலைல பெரிய மார்க்கெட் வாசல்ல ஒரு ஆள நிறுத்தி, ஸ்கூல் விடற நேரம் கேட்டுல ஒரு ஆள நிறுத்தி தமிழ்ல கேளுங்க. கேள்வி ஒண்ணே ஒண்ணு போதும்: "எந்த இடத்துல பயந்துக்கிட்டு இறங்கி தள்ளிக்கிட்டு போறீங்க?"

நீங்க அவங்களுக்குக் கருத்து எழுதறதா இருந்தாலும் அப்படியே எழுதுங்க, ஜங்ஷன் பேரு, எந்தப் பக்கத்துலேர்ந்து எந்தப் பக்கம் திரும்பறீங்க, எத்தன மணி. ராஜீவ் சிலைல சாயங்காலம் 6 மணிக்கு கோரிமேடு பக்கம் போக இறங்கித் தள்ள வேண்டியிருக்குன்னு நூறு பேர் எழுதுனா இன்ஜினியர் அந்த ஜங்ஷன் வரைபடத்த எடுத்துப் பார்த்தே ஆகணும், பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுத வரலன்னா அவங்க சொல்ல நீங்க எழுதிக் குடுங்க.