போட் ட்ரெய்லர் பேரிங் கிட்: பேரிங்குக்கு நாலு ஸ்டார், சீலுக்கு ஒன்றுதான்

இந்த கிட்டை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ட்ரெய்லர் அணைத் தண்ணீரை மட்டும் பார்க்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் கடலில் இறக்குகிறவராக இருந்தால் பேரிங்கை வைத்துக்கொண்டு, கூட வரும் சீலையும் (தண்ணீர் புகாமல் தடுக்கும் வளையம்) கிரீஸ் பாக்கெட்டையும் ஒதுக்கிவிட்டு, அவை இரண்டையும் தனியாக நல்லதாக வாங்குங்கள்.

ட்ரெய்லர் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் மனைவியின் மாமாவுடையது. இரண்டு எஞ்சின் மாட்டிய ஸ்கீ போட் (கடலில் மீன் பிடிக்கும் படகு), அதைச் சுமக்கும் கால்வனைஸ் செய்த ட்ரெய்லர், இழுக்க ஒரு டீசல் பக்கி (பிக்கப் வண்டி). ஈஸ்டர் லீவில் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் பூஜை முடிந்ததும் சொட்வானா கடற்கரைக்குக் கிளம்புவது வீட்டு வழக்கம் (விரதம் முடிகிற வரைக்கும் மீன் என்ற பேச்சையே மாமா எடுக்க மாட்டார், முடிந்த மறு நிமிஷம் வஞ்சிரம்தான்). டர்பனிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர், பெரும்பகுதி என்2 ரோடு. அதற்கு முன்னால் ஹப்பை, அதாவது பேரிங் உட்காரும் சக்கர நடுப்பகுதியை, திறந்து பார்த்துவிடலாம் என்று திறந்தோம். பின்பக்க கிரீஸ் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தது. கிரீஸ் அப்படி வெளுத்துப்போனால் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். ரோலர்களில் சின்னச் சின்னக் குழிகள், கப்பின் (ரோலர் உருளும் வெளி வளையம்) உள்பக்கம் துருக்கோடு. கழுவிப் போட்டு ஓட்டுகிற கட்டத்தைத் தாண்டிவிட்டது.

அதனால் படகுச் சாமான் விற்கும் ஒரு கடையில் பெட்டியாக விற்கும் கிட் ஒன்றை வாங்கினோம். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து உள் பேரிங், வெளி பேரிங், அவற்றின் கப்கள், சீல், ஸ்ப்ளிட் பின், டஸ்ட் கேப், ஒரு பாக்கெட் கிரீஸ். எல்லாம் ஒரே பெட்டியில் இருப்பது வசதிதான். ஆனால் பெட்டி மேல் எழுதியிருக்கும் 'ஸ்டாண்டர்ட் ட்ரெய்லருக்குப் பொருந்தும்' என்ற வரியை நம்பி மட்டும் வாங்காதீர்கள், ஸ்டாண்டர்ட் ட்ரெய்லர் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. பழைய பேரிங்கைத் துடைத்தால் விளிம்பில் எண் பொறித்திருக்கும். மாமாவின் ஆக்சிலில் உள்பக்கம் எல்68149 கோன் (ரோலர்கள் மாட்டிய உள் பாகம்), அதன் கப் எல்68110. வெளிப்பக்கம் எல்44649, அதன் கப் எல்44610. இந்த எண் இருந்தால் எந்த பேரிங் கடைக்கும் போகலாம், யார் செய்தாலும் அளவு ஒன்றுதான். எண் அழிந்து போயிருந்தால் காலிப்பர் வைத்து ஆக்சில் தண்டின் விட்டத்தை அளந்துவிடுங்கள். மேலே சொன்ன உள் பேரிங்குக்கு ஏறக்குறைய 35 மில்லிமீட்டர், வெளி பேரிங்குக்கு 27. வேறு ஆக்சிலுக்கு வேறு அளவு வரும், என்னுடையதைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

பேரிங்கைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. ரோலர் வழவழப்பாக இருந்தது, சுற்றினால் எங்கேயும் கரகரப்பு இல்லை, கப்பும் ஹப்பில் இறுக்கமாக உட்கார்ந்தது. கோனை மட்டும் மாற்றி பழைய கப்பை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த மிச்சம் பிடிக்கும் வேலை வேண்டாம். பழைய கப்பில் இருக்கும் குழி புது ரோலரைச் சீக்கிரமே தின்றுவிடும். புதுக் கப்பைப் பித்தளைக் கம்பி வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்க வேண்டும், அடியில் போய் உட்கார்ந்ததும் தட்டும் சத்தமே மாறிவிடும், காது கொடுத்துக் கேளுங்கள்.

இப்போது சீல். கிட்டில் வந்தது ஒற்றை உதடு உள்ள மெல்லிய சீல். தோட்டக் குப்பை ஏற்றிப் போகும் ட்ரெய்லருக்கு அது போதும். போட் ட்ரெய்லரின் பிரச்சினை வேறு. வழி நெடுக ஓடிச் சூடான ஹப்புக்குள் இருக்கும் காற்றும் விரிந்திருக்கும். கரைக்கு வந்த கையோடு அந்த ஹப்பைக் கடல் தண்ணீரில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, ஹப் தண்ணீரை உள்ளே இழுக்கப் பார்க்கும். அதைத் தடுத்து நிற்பது பின்பக்கச் சீல் ஒன்றுதான். உள்ளே போனது உப்புத் தண்ணீர். அடுத்த லீவு வரைக்கும் ட்ரெய்லர் வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போது, ரோலரும் கப்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அது தன் வேலையைக் காட்டும். ஓடும்போது கெடுவதைவிட நிற்கும்போது கெடுவதுதான் அதிகம் என்று மாமா சொல்வது முழுக்கச் சரி. அதனால் சீலுக்குக் காசு பார்க்காதீர்கள். இரட்டை உதடு, உள்ளே ஸ்பிரிங் வளையம் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டு சீலுக்கு ஆகும் செலவு பெட்டி விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. சீல் உட்காரும் ஆக்சில் தண்டையும் விரலால் தடவிப் பாருங்கள், துருவி மாதிரிச் சொரசொரப்பாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சீலும் கிழிந்துதான் போகும். லேசான துருவை நைஸ் எமரித் தாளால் போக்கிவிடலாம். ஆழமாக அரித்திருந்தால் மெல்லிய எவர்சில்வர் ஸ்லீவ் மாட்ட வேண்டியிருக்கும்.

கிரீஸ் பாக்கெட்டில் என்ன வகை, என்ன கிரேடு என்று ஒரு எழுத்துகூட இல்லை. அதை கேட் கீலுக்குப் போட்டாயிற்று. கடலுக்கு, தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸ், கால்சியம் சல்ஃபனேட் வகையோ லித்தியம் காம்ப்ளக்ஸ் வகையோ, 2ஆம் கிரேடு. பழையதை மண்ணெண்ணெயில் சுத்தமாகக் கழுவிக் காயவைத்த பிறகுதான் புதியது. இரண்டு வகை கலந்தால் சிலது இளகி ஓடிவிடும். உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மேல்பக்க ரோலர் இடுக்கு வழியாக கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை திணிக்க வேண்டும். மேலே பூசிவிட்டு மூடினால் அது அலங்காரம்.

கிட்டோடு வந்த தாளில் நட்டை 'நன்றாக இறுக்கவும்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். இது ஆபத்து. ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள், எல்லாம் உட்கார்ந்ததும் தளர்த்துங்கள், பிறகு விரலால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு மட்டும் திருகுங்கள். ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேராக வரவில்லையென்றால் தளர்த்தும் பக்கமாகத்தான் நகர்த்த வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரிந்தும் தெரியாத ஆட்டம் இருக்கலாம், தப்பில்லை. அதிகமாக இறுக்கினால் பேரிங் நீலம் பாரித்து வெந்துபோகும்.

டஸ்ட் கேப்புக்குப் பதிலாக, கிரீஸ் நிப்பிள் வைத்த ஸ்பிரிங் கேப் ஒன்று தனியாக வாங்கி மாட்டினோம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஒரு தட்டை வைத்துக் கிரீஸை லேசாக அழுத்திக்கொண்டே இருப்பதால் ஹப் தண்ணீரை உறிஞ்சுவது குறைகிறது. நல்ல சாமான், கடலுக்குப் போகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். கெடுப்பது நாம்தான். கிரீஸ் கன் கையில் கிடைத்ததும் உற்சாகமாக அடித்துத் தள்ளினால் பின்பக்கச் சீல் பிதுங்கி வெளியே வரும், பிரேக் உள்ள ஹப்பாக இருந்தால் கிரீஸ் அத்தனையும் பிரேக் ஷூ மேல் போய் அப்பிக்கொள்ளும். கேப்புக்குள் இருக்கும் அந்தத் தட்டு அசைந்ததும் கன்னைக் கீழே வைத்துவிட வேண்டும். இந்தக் கேப் இருப்பதால் வருஷத்துக்கு ஒரு முறை ஹப்பைத் திறக்கும் வேலை இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. முன்னால் அடிக்கும் கிரீஸ் பின்பக்க பேரிங்கின் நிலைமையை உங்களுக்குச் சொல்லாது.

சொட்வானா போகும் வழியில் டோங்காட், ம்வோட்டி, ம்டுன்சினி என்று டோல்கேட் வரிசையாக வரும். அதையொட்டி எங்கேயாவது ஓரம் கட்டி, பிரேக் அதிகம் பிடிக்காத சமயமாகப் பார்த்து ஹப்பில் கை வைத்துப் பார்த்தோம். இதமான சூடு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத அளவு சுட்டால் மேலே போகாதீர்கள். கரைக்குப் போனதும் உடனே இறக்காமல் டீ குடித்து, லைஃப் ஜாக்கெட் சரிபார்த்து, ஹப் ஆறிய பிறகுதான் படகை இறக்க ட்ராக்டரைக் கூப்பிட்டார் மாமா. திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவினோம். வீட்டில் பின்பக்கம் எட்டிப் பார்த்தபோது சீலைச் சுற்றி ஒழுகல் இல்லை, கேப்பைக் கழற்றினால் கிரீஸ் போட்ட நிறத்திலேயே இருந்தது.

அப்புறம் இன்னொன்று. இந்தக் கிட்டின் இரண்டாவது பெட்டியை மாமா வாங்கி, ஒரு உபரி ஹப்பில் பேரிங், நல்ல சீல், கிரீஸ் எல்லாம் போட்டுத் தயாராக பிளாஸ்டிக்கில் சுற்றி பக்கியில் வைத்திருக்கிறார். ஹ்லுஹ்லுவே தாண்டி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேரிங் போனால் எந்தக் கடையைத் தேடுவீர்கள்? ரோட்டோரம் மணலில் உட்கார்ந்து கப் தட்டுவதைவிட ஹப்பையே மாற்றுவது எவ்வளவோ மேல். இந்த உபயோகத்துக்கு கிட் கொடுத்த காசுக்கு நியாயமான சரக்கு.

சீல் இல்லாமல் பேரிங் மட்டும் தருவீர்களா என்று கடையில் கேட்டால் கிட்டாகத்தான் தருவோம் என்கிறார்கள், அதற்கு ஒரு ஸ்டார் குறைத்துவிட்டேன். சீல் வாங்க பேரிங் கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், உள் விட்டம், வெளி விட்டம், அகலம் மூன்றும் தெரிந்தால் கவுண்டரிலேயே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.